மூன்றுகால் ஆடு

யூடோரா ஃபாரெலின் மிளகாய்ச் சாறு இல்லாமல் எங்கள் மான்செராட் தீவில் பலரும் மீனைத் தொடமாட்டார்கள். புட்டியில் ஒட்டிய சீட்டில் ஓர் ஆடு நிற்கும். அதற்கு மூன்றே கால். வரைந்தவர் அவள் கணவர் ஜஸ்டஸ். நாலாவது காலுக்குச் சீட்டில் இடம் போதவில்லையாம்.

"நொண்டி ஆடு ஒண்ணு குடுங்க" என்றுதான் சந்தையில் கேட்பார்கள்.

"நொண்டிதான், நடக்காது. தூக்கிட்டுப் போ" என்பாள்.

நான் வக்கீல் டூயிட்டிடம் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். ஒருநாள் யூடோரா ஒரு கடிதத்தோடு வந்தாள். பக்கத்துத் தீவு வியாபாரி ஒருவன் அந்த ஆட்டைத் தன் வணிகச் சின்னமாக லண்டனில் பதிந்திருக்கிறான். எங்களுடையது பிரிட்டன் ஆளும் தீவு என்பதால், லண்டன் சான்றிதழைக் கொண்டுவந்து பதிவகத்தில் காட்டினால் எங்கள் தீவிலும் அது செல்லும், காட்டிவிட்டான். இனி யூடோரா தன் புட்டியில் ஆட்டைப் போடக்கூடாதாம். மூன்று காலைக்கூட விட்டுவைக்கவில்லை, படுபாவி.

"இத்தனை வருஷமா ஏன் பதியாம இருந்தீங்க, மிஸ் யூடோரா?" என்றார் வக்கீல். எங்கள் தீவில் கல்யாணமான மூத்தவளும் 'மிஸ்'தான்.

"ஊருக்கே தெரிஞ்சதை எதுக்குப் பதியணும்? எம் மூக்கைப் பதிஞ்சா வெச்சிருக்கேன்?"

"அவனுக்கு முன்னாடியே நீங்க இதை வெச்சு வித்தீங்கன்னு காட்டினா, அவன் பதிவை ரத்து பண்ணிடலாம். பழைய சீட்டு ஒண்ணு குடுங்க."

அது எங்கே இருக்கும்? கண்ணாடிப் புட்டி கப்பலில் வரவேண்டிய சாமான். காலிப் புட்டியைக் கொடுத்தால்தான் யூடோரா நிறைந்த புட்டி தருவாள். வந்த காலியை எல்லாம் தொட்டியில் ஊறவைத்து, சீட்டைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டுவாள். முப்பது வருட அத்தாட்சியைத் தன் கையாலேயே கழுவி ஊற்றியிருக்கிறாள். சாட்சி சொல்ல ஊரே வரும். ஆனால் வாய்ச்சொல்லை எதிராளி ஊதித் தள்ளிவிடுவான் என்றார் வக்கீல்.

யூடோரா எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பிறகு, "ஒண்ணு இருக்கு. பழைய வீட்ல" என்றாள்.

நானும் வக்கீலும் தலையைக் குனிந்துகொண்டோம். பழைய வீடு என்றால் எங்களுக்கு எரிமலைப் பக்கம். தொண்ணூற்றேழு ஜூனில் எரிமலைக்குப் பயந்து யூடோரா வடக்கே ஓடிவந்து மாதா கோயில் கூடத்தில் பாய் விரித்தாள். ஜஸ்டஸ் வரவில்லை. விளைந்த கேரட்டைப் பிடுங்காமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். சண்டை முற்றி அவள் சமைக்காமலே கிளம்பினாள். "கேரட்டையே கட்டிக்கிட்டு பட்டினி கெட" என்பதுதான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை. மூன்றாம் நாள் மலை வெடித்துச் சரிந்தது. வயலுக்குப் போன ஜஸ்டஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"செத்தது விதின்னு வெச்சுக்கலாம். பசியோட போனாரான்னுதான் தெரியல" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். இருபது வருடமாக அந்தப் பக்கம் அவள் கால் வைத்ததில்லை.

இப்போது அவளும் நானும் போனோம். தடை போட்ட அந்தப் பகுதிக்குள் போக அனுமதி வாங்கி, சாட்சிக்குக் காவலர் ஃபென்டனையும் கூட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு போனோம். ஜன்னல் உயரத்துக்குச் சாம்பல். கதவு திறக்க ஒன்றரை மணி நேரம் தோண்டினோம். வேறு யாரும் அதற்குள் போன தடமே இல்லை.

சமையலறை மேசையில் புட்டி நின்றது. ஃபென்டன் சீட்டைத் துணியால் மெல்லத் துடைத்தார். மூன்று கால். கீழே யூடோராவின் கையெழுத்தில் சாறு ஊற்றிய தேதி.

"கேஸ் நம்ம பக்கம், மிஸ் யூடோரா" என்றார் ஃபென்டன்.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. புட்டியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கெளம்புறப்ப இதுக்கு மெழுகு வெச்சு அடைச்சுட்டுத்தான் போனேன்" என்றாள்.

மெழுகு உடைந்திருந்தது. சாறு கால்வாசி குறைந்திருந்தது. பக்கத்தில் சாம்பலைத் தள்ளினால் ஒரு தட்டு, அதில் மீன் முள். யூடோரா அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, வெளியே வந்து நின்றேன்.

மறுநாள் அவள் சொல்லச் சொல்லப் பிரமாணப் பத்திரம் அடித்தேன். பத்துப் பத்தி முடிந்தது.

"இன்னொண்ணு எழுதும்மா. அந்தப் புட்டியத் தொறந்தது என் புருஷன். அவர் சாப்பிட்டுட்டுத்தான் போனார்."

"கேஸுக்கு அது வேண்டாம், எடுத்துடு" என்றார் வக்கீல்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேச்சை நான் மீறியது அந்த ஒருமுறைதான். பதினோராவது பத்தியாக அதை அடித்தேன். வக்கீல் படித்துப் பார்த்தார், கையெழுத்துக்கு அவள் முன்னால் நீட்டினார்.

ஐந்து மாதத்தில் வியாபாரியின் பதிவு ரத்தானது. ஆடு யூடோராவின் பெயரில் பதிவாகி, முத்திரை போட்ட சான்றிதழ் வந்தது. வாங்க வந்தவள் அதைச் சரியாகக்கூடப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்தாள்.

"அந்தப் பதினோராவது பத்தி இருக்கே," என்றாள், "அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுத்துக் குடும்மா."