பார்க்க வருகிறவர்களின் நோட்டு

வைகாசி வெயிலில் மூன்று மைல் நடந்து வந்த கால்களுக்கு அந்த அறையின் சிவப்புச் சிமெண்ட் தரை கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. பினாயில் வாசனையும் புதிதாக அடித்த சுண்ணாம்பின் வாசனையும் மூக்கில் ஏற, நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. விடுதியில் சேரப்போகிற பிள்ளையின் குடும்பம் முழுவதும் ஒரு நாள் அங்கே வந்து நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. தலைமை சிஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பெயரை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் இதை "மூஞ்சி காட்டப் போறது" என்பார்கள்.

மழை இரண்டு வருஷம் ஏமாற்றிய ஐம்பதுகளின் தொடக்கம். மணமேல்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யா உப்பு மூட்டை தூக்குகிறவர். விடுதியில் ஒரு பிள்ளை சேர்ந்தால் வீட்டில் ஒரு வயிறு குறையும், அந்தப் பிள்ளைக்கும் மூன்று வேளை கிடைக்கும். அதற்காகத்தான் ஊருக்கு வந்து வேதம் சொல்லிவிட்டுப் போகும் உபதேசியாரைப் பிடித்து, தை மாதத்தில் என் அக்கா பொன்னம்மாளுக்கு அய்யா விண்ணப்பம் எழுதிப் போட்டார். பங்குனியில் அக்கா எட்டு நாள் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனாள். வைகாசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: பொன்னம்மாளுக்கு இடம் இருக்கிறது, குடும்பத்தோடு வரவும்.

காய்ச்சலில் சாவு விழுந்த வீடு என்று தெரிந்தால் விடுதிக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்று உபதேசியார் முன்பே சொல்லியிருந்தார்.  கடிதம் வந்த மறுநாள் அய்யா என்னைக் கூப்பிட்டு, "இன்னையிலேருந்து நீதான் பொன்னம்மா. வெள்ளச்சிங்கிறதை மறந்துடு" என்றார். வெள்ளச்சி என் பெயர். எனக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த மூன்று மைலும் அய்யா என்னைப் பழக்கிக்கொண்டே வந்தார். நான் ஏமாந்திருக்கும் நேரம் பார்த்து, "பொன்னம்மா!" என்பார். நான் "என்னய்யா?" என்று திரும்ப வேண்டும். நான்காவது ஐந்தாவது தடவையில் பழகிவிட்டது. ஆனால் அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் ஆத்தாவும் திரும்பினாள். என்னைப் பார்த்தல்ல, நாங்கள் நடந்து வந்த வெறும் பாதையைப் பார்த்து. "ஏண்டி, வழியைப் பாத்து நட" என்று அய்யா அதட்டினார்.

தலைமை சிஸ்டர் கண்ணாடி போட்டவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயசு ஏழுன்னு எழுதியிருக்கு. பாத்தா அஞ்சு சொல்லவே வாய் வரலையே. எங்கே, வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு."

தொட முடியவில்லை. ஒரு விரல்கடை குறைந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். சிஸ்டர் மோவாயைப் பிடித்து நேராக நிறுத்தினார்.

"கஞ்சி இல்லாம வளராமப் போச்சுங்கம்மா. இங்கிட்டு நாலு நாள் சாப்பிட்டா சரியாயிருங்க" என்றார் அய்யா. அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. சிஸ்டர் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஆத்தா இடுப்பில் இருந்த மூன்று வயதுத் தம்பியிடம், "ஒங்க பொன்னம்மா அக்கா எங்கேடா, ராசா?" என்று கேட்டார்.

தம்பி கருப்பையாவுக்கு யாரும் சாவைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. அக்கா ஊருக்குப் போயிருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அந்தா, வேப்பமரத்துக்கிட்ட" என்றான்.

எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது அந்தச் சன்னல். நின்ற இடத்திலிருந்து மரத்தின் தலை மட்டும் தெரிந்தது. சிஸ்டர் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.

"அடடே, இன்னொண்ணு இருக்கா? ஏங்க, அந்தப் பிள்ளையை எதுக்கு வெயில்ல நிக்க வச்சிருக்கீங்க?"

ஆத்தாவின் கையிலிருந்து தம்பி நழுவித் தரையில் உட்கார்ந்தான். அய்யா சன்னல் பக்கம் போகவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டே, "கூட வந்துச்சுங்கம்மா. சின்னது" என்றார்.

"சின்னதா? இவளைவிட ஒசரமால்ல நிக்கிறா! வீட்டுக் கஞ்சியெல்லாம் அவளுக்கு மட்டும்தான் ஊத்துனீங்களாக்கும்?" சிஸ்டர் சிரித்தார். "சரி, ரெண்டு பொட்டப்பிள்ளையில ஒண்ணாவது இங்கே சாப்பிட்டு வளரட்டும். தங்கச்சி பேரென்ன?"

அய்யாவுக்கு அந்த அவசரத்தில் வேறு பெயர் கிடைக்கவில்லை. "வெள்ளச்சி" என்றார்.

அப்படித்தான் நோட்டில் ஏறியது. பிள்ளை, பொன்னம்மாள். பார்க்க வருகிறவர்கள், தகப்பன், தாய், தம்பி, தங்கை வெள்ளச்சி. எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

வெளியே வந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. விடுதிப் பிள்ளைகள் யாராவது நின்றுவிட்டுப் போயிருக்கலாம். என்னை விடுதியில் விட்டுவிட்டு அவர்கள் திரும்பும்போது, தம்பி மட்டும் மரத்தைப் பார்த்து, "டாட்டா" காட்டிக்கொண்டே போனான்.

விடுதி வாசல் பலகைக் கதவு. முகம் தெரியாத உயரத்தில் ஒரு கை நுழையும் திறப்பு. உள்ளே காவலுக்கு இருந்த சூசம்மா, சொன்ன பெயரை மட்டும் வைத்து யாரென்று தெரிந்துகொள்வார். வந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், பார்க்க வேண்டிய பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவர் ஒப்பிக்க, சிஸ்டர் நோட்டில் கோடு போடுவார். முதல் மாதம் என்னைத் தேடி யாரும் வரவில்லை என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். சூசம்மா வந்து, "ஒன் தங்கச்சி வெள்ளச்சி வந்துச்சே, பாக்கலையா? முணுமுணுன்னு பேரை மட்டும் சொல்லுச்சு, அப்பறம் சத்தத்தைக் காணோம். என்ன பிள்ளையோ!" என்றார்.

 அடுத்த மாதமும் அதையே சொன்னார், அதற்கடுத்த மாதமும். அந்த வயதில் எனக்குப் பட்டது இதுதான்: நான் இங்கே பொன்னம்மாவாக இருக்கும்போது, என்னுடைய பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள், ஆத்தாவுக்குப் பக்கத்தில் படுக்கிறாள், மாதம் ஒருமுறை நான் திரும்பி வந்துவிடாமல் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். முதல் ஞாயிறு வந்தால் அந்தக் கதவுப் பக்கமே போகமாட்டேன். சாப்பாடு கிடைத்தது, கை நீண்டது, காதையும் தாண்டியது.

மூன்றாம் வகுப்பு முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு வேலைக்குக் குடும்பமாகப் போக, அய்யா என்னை அழைத்துக்கொள்ள வந்தார். சிஸ்டருக்குக் கோபம். நோட்டை விரித்து அய்யாவின் முன்னால் போட்டார். "நீங்களும் வரல, பெத்தவளும் வரல. பாருங்க, அந்தச் சின்னப் பிள்ளை ஒரு மாசம் தவறல." எனக்கு அப்போது எழுத்துக்கூட்டத் தெரியும். ஆத்தா பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. வெள்ளச்சி என்ற பெயருக்கு நேரே, மூன்று வருஷத்து மாதங்கள் அத்தனைக்கும் நெருக்கமாகக் கோடுகள்.

ஊருக்கு வந்ததும் நான் ஆத்தாவிடம் பேசாமல் இருந்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே வாயைத் திறந்தாள். "வந்தேன்டி. அந்தக் கதவுக்கிட்ட வந்து நின்னேன். பேரு என்னன்னு கேட்டாக, பிள்ளை பேரைத்தான் கேக்குறாகன்னு நெனச்சேன். அவ பேரைச் சொல்லி, உசிரோட இருக்கிற மாதிரி எப்படிக் கூப்புடுவேன்? வாயில வரல. ஒன் பேருதான் வந்துச்சு. வெள்ளச்சின்னேன். அப்பறம் நிக்க முடியல, ஓடியாந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது இவள்தான் என்று ஒரு நிம்மதியும் வந்தது. "மூணு வருசமும் மாசாமாசம் நடந்து வந்தியா, ஆத்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "மாசாமாசமா? பஸ்ஸுக்கு எங்கிட்டு இருக்கு காசு? நாலு தடவைதான்டி வந்தேன்."

நோட்டில் நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அறுப்பு, செங்கல் சூளை, மதுரையில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டும் வேலை என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் நிலைத்ததில்லை. கையிலிருந்த ஒரே படிப்புச் சான்றிதழ் பொன்னம்மாள் பெயரில் இருந்ததால், ரேஷன் கார்டும் மற்றதும் அந்தப் பெயரிலேயே ஆகிவிட்டன. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். பழைய விடுதியை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். பலகைக் கதவும் வேப்பமரமும் இல்லை. பழைய நோட்டுகள் எல்லாம் கரையான் அரித்து எரித்துவிட்டதாக ஆபீசில் ஒரு பெண் சொன்னாள். அய்யாவும் ஆத்தாவும் போய் வெகுகாலம். கருப்பையா போன ஐப்பசியில் போனான். வெள்ளச்சி என்று என்னைக் கூப்பிட இருந்த கடைசி ஆள் அவன்.