மழையில் வந்த தாத்தா

போர்ட்டிக்சன் கடற்கரையில் வெயிலும் மழையுமாக இருந்த நேரம், ஒரு காட்டுக்கோழி குறுக்கே வந்தது. பெரியவரைக் கண்டதுபோல் ஒதுங்கி நின்றேன். இத்தனை புத்தகம் படித்தும் என்ன பயன்?

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்து வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகத் தடை. ரெம்பாவ் பக்கம் எங்கள் லயத்து வீட்டில் ஒரு அமாவாசைச் சோற்றுக்குக் காகமே வரவில்லை. அப்பா சோற்றைச் சட்டைக்குள் மறைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், ரப்பர் மரத்தடியில் வைத்தார். மலாய்க் காவலர் பார்த்துவிட்டார்.

"யாருக்குச் சோறு?"

"செத்துப்போன எங்கப்பாவுக்கு, துவான். பறவையா வருவாரு."

"வரட்டும். வரலைன்னா நீ ஸ்டேஷனுக்கு வரணும்லா."

மழை பெய்தது, வெயிலடித்தது, மறுபடி மழை. ஒரு உடும்பு எட்டிப் பார்த்தது.

"இவரா?"

"இல்லைங்க."

கடைசியில் ஒரு காட்டுக்கோழி வந்து சோற்றைக் கொத்தியது. அப்பா கண்மூடிக் கும்பிட்டார்.

"வந்துட்டாரு."

காவலர் கோழியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

தப்பிக்கச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தீபாவளிக்கு அம்மா கோழிக்குழம்பு ஊற்ற வந்தபோது, அப்பா இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"உன் மாமனாரையா சமைச்சிருக்கே?"

அவர் சிரிக்கவில்லை. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன், கொஞ்சம் குழப்பத்தோடு.