பெரியக்கா கல்யாணத்தின் சத்தம்

நேற்று புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டு, பெரியக்காவின் பழைய கல்யாண வீடியோவைத் திறந்தேன். எந்த மக்கரும் பண்ணாமல் சத்தத்தோடு ஓடியது. அதன் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அல்சூர் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். "திருட்டு சாஃப்ட்வேர் நமக்கு வேணாம்" என்று சித்தப்பா அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான் போட்டார். கல்யாண சிடியைப் போட்டால் படம் வந்தது, சத்தம் வரவில்லை. "அந்தச் சத்தத்தைப் படிக்கிற கோடெக் இதுல கிடையாதுண்ணே" என்றார். "ஊமைப் படம் பாக்கவா கம்ப்யூட்டர் வாங்கினேன்?" என்று அப்பா கத்தினார்.

அம்மாதான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "பாரு, உங்க அத்தை சாம்பார்ல உப்பு பத்தலைங்கறா" என்று அத்தை குரலிலேயே சொன்னாள். பக்கத்து வீட்டு சரோஜம்மா படம் பார்க்க வந்தால், அம்மா வாயில் அத்தை கன்னடத்தில் குறை சொல்வாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வசனம் மாறும். தாலி கட்டும்போது அம்மா அக்காவின் காதில் ஏதோ சொல்வது தெரியும். "அது என்னம்மா?" என்றால், சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குத் தாவிவிடுவாள். அக்காவுக்கோ அன்றைக்கு எதுவும் காதில் விழவே இல்லையாம்.

இப்போது அம்மா இல்லை. நேற்று அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அம்மாவின் உதடு அசைந்தது. கெட்டிமேளம் எல்லாவற்றையும் முழுங்கிவிட்டது. அந்த சாம்பார் இடத்தில் அத்தை நிஜமாகக் கேட்டது வெறும் தண்ணீர்தான்.

சத்தத்தை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். "பாரு, உங்க அத்தை..." என்று நானே ஆரம்பித்தேன். அம்மா மாதிரி வரவில்லை.