உப்புத்தாள் எழுத்துகள்

என் மகள் நாலரை வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அதே மாதத்தில் எனக்குக் கால் உடைந்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம் நாங்கள் இருவரும் ஒரு மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம்.

எல்.கே.ஜி.யில் சேர்த்த இரண்டாவது வாரத்திலேயே, காலையில் வேன் ஹாரன் கேட்டால் அவள் வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று டீச்சர் சொன்னார். அழுவதும் இல்லையாம். பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாளாம். "அவசரப்படாதீங்க. ஒரு வருஷம் வீட்ல வச்சுப் பழக்கிட்டு அடுத்த ஜூன்ல கூட்டிட்டு வாங்க" என்றார். நல்ல டீச்சர்தான்.

அவளைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்று நானும் என் மனைவியும் யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த வாரக் கடைசியில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது குறுக்கே ஒரு மாடு வந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். என் மைத்துனனும் இன்னொருவரும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடியில் கொண்டுவந்து வைத்தார்கள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது.

அந்த வீடு சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸ், என் மனைவியின் பேரில் உள்ளது. அவளுடைய அப்பா சர்வீசில் இருக்கும்போதே இறந்துபோனதால் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் பர்மனென்ட், ஆபீசில் கிளர்க். நான் கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரன், ஐ.டி.ஐ. படித்துவிட்டு மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாகப் போய்க்கொண்டிருந்தவன். கல்யாணமாகி ஆறு வருடமாக அந்த வீட்டில்தான் இருந்தேன் என்றாலும், முழுப் பகலையும் அதற்குள் கழித்ததில்லை. பகல் வெளிச்சத்தில் அது வேறு வீடாக இருந்தது. ஒரு ஹால், ஒரு ரூம், சமையலறை. ஹால் ஜன்னலில் ரோடு தெரியும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும் ஆட்களின் தலைகள் தெரியும். எனக்குத் தெரிந்த முகம் ஏதாவது இருக்குமோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

முதல் ஒரு மாதம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் மனைவி ஸ்கூட்டரில் கிளம்பியதும் போனைப் பாப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அவள் கட்டிலின் ஒரு முனையில் பொம்மைப் படம் பார்ப்பாள். மறுமுனையில் நான் கூரையைப் பார்ப்பேன். தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பாள். சிந்தினால் கத்துவேன். வாக்கர் எட்டவில்லை என்றால் கத்துவேன். வலி ஒரு பக்கம், சும்மா கிடப்பது ஒரு பக்கம்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டாள். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். தூக்கவில்லை.

"எவ்வளவு நேரமா பாத்துட்டிருக்கா?"

"இப்பதான் எடுத்தா. செத்த நேரமா பாத்துகினு இருக்கா."

அவள் போனை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்தது. "நாளையிலேர்ந்து போன் கிடையாது. நீங்களே ஏதாவது சொல்லிக் குடுங்க."

"நான் இன்னா வாத்தியாரா?"

"வாத்தியாருக்கு அனுப்பினாதான் வாந்தி எடுக்குதே. ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?" சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கேயாவது எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போவதே கால் மணி நேர வேலை.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் அம்மாக்களின் வீடியோக்களை அன்று மாலை பார்த்தேன். மரத் தட்டுகள், கலர் மணிகள், வழவழப்பான எழுத்துகள். எல்லாம் அழகாக இருந்தன. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் என்னுடைய டூல்ஸ் பை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை பையைத் திறந்து, அதிலிருந்த நட்டு போல்ட்டுகளையெல்லாம் பெட்ஷீட்டில் கொட்டினேன். நான்கு சைஸ் இருந்தன. "எதுக்கு எது சேரும்னு கண்டுபுடி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நட்டைப் பார்த்தாள். பெரிய போல்ட்டில் சின்ன நட்டை வைத்து அழுத்தினாள். போகவில்லை. சின்ன போல்ட்டில் பெரிய நட்டைப் போட்டாள். வழுக்கி விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை சரியானது மாட்டி, மரையில் ஏறியது. அது திருகத் திருக உள்ளே போவதைப் பார்த்து அவள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். அன்று நான் கத்தவில்லை என்பது சாயங்காலம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதிலிருந்து தினமும் ஏதாவது ஒன்று. துவரம் பருப்பையும் பாசிப் பருப்பையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னேன். கரண்டியால் ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் மாற்றச் சொன்னேன். கொடியில் மாட்டிய துணி கிளிப்புகளை எண்ணச் சொன்னேன். கெட்டுப்போன ஒரு ஸ்விட்ச்சைக் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் கழற்றச் சொன்னேன். இதையெல்லாம் நான் ஆசையாகச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்கு எல்லாம் தீர்ந்துவிடும். பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் என்ன செய்வது என்று கடிகாரத்தையே பார்ப்பேன். மைன்ஸில் எட்டு மணி நேரம் வெயிலில் நின்ற எனக்கு, அந்த மூன்று மணி நேரத்தைத் தள்ள முடியவில்லை.

பிறகு எழுத்துக்கு வந்தேன். வீடியோவில் ஒரு அம்மா சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவ வைத்துப் பழக்கினாள். என் பையில் உப்புத்தாள் இருந்தது. பேனல் போர்டில் துரு தேய்க்க வைத்திருந்தது. அதில் 'அ' வரைந்து, கத்தரித்து, அட்டையில் ஒட்டினேன். பிறகு 'ஆ', 'இ'. "விரலை வச்சு இப்பிடியே போ" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஆள்காட்டி விரலை வைத்து வளைத்து வளைத்துத் தடவினாள். பத்து தடவை, இருபது தடவை. நான் சொன்னபோதெல்லாம் தடவினாள். எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று நாள் அதையே செய்தோம்.

மூன்றாம் நாள் மதியம் மனைவி ரசம் சோறு பிசைந்து தட்டில் வைத்தாள். பாப்பா கையை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மனைவி கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனி தோல் உரிந்து சிவந்து கிடந்தது. இரும்பில் துரு எடுக்கிற தாள் அது. முரட்டுத் தாள். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

மனைவி தேங்காய் எண்ணெய் தடவி, ஊட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் பாப்பாவிடம் கேட்டேன்.

"எரியுதுன்னு நீ ஏம்மா சொல்லல?"

அவள் பெட்ஷீட்டின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ கத்துவ."

மடியில் பையை வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் அப்போதுதான் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பதை இந்த வீட்டில் நானும் அவளுக்குப் பழக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மைத்துனனிடம் சொல்லி நைஸான உப்புத்தாள் வாங்கிவரச் செய்தேன். புதிதாக வெட்டி, முதலில் என் கன்னத்தில் தேய்த்துக் காட்டினேன். "வலிச்சா உடனே 'வலிக்குது'ன்னு கத்தணும். அதான் இன்னைக்குப் பாடம்" என்றேன். அவள் மெதுவாக, "வலிக்குது" என்றாள். இன்னும் தொடவே இல்லை. "இன்னும் சத்தமா." "வலிக்குது!" கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

காலை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னது மூன்றாவது மாதக் கடைசியில். வீட்டுக்குள் நடந்தேன். படி இறங்கப் பயம். மொத்தம் பதினெட்டுப் படி, ஒன்பதாவதில் திருப்பம். பாப்பாவுக்கு எண் சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லி, அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்துப் படிக்கு ஒரு எண் எழுதச் சொன்னேன். அவள் இறங்கி இறங்கி எழுதினாள். மூன்றைத் திருப்பிப் போட்டாள். நான் பின்னாலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திருப்பம் வரை போய் நின்றுவிடுவேன். அதற்குமேல் கால் வராது.

ஒருநாள் காலை அப்படி நின்றுகொண்டிருந்தேன். திருப்பத்துக்குக் கீழே அவள் "பதினாறு, பதினேழு" என்று சொல்வது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"பாப்பா."

கைப்பிடிக்கு மேல் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

"பாப்பா! மேல வா!"

கீழே ரோட்டில் ஒரு பஸ் போனது. கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன், திட்டினேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. கால் நகரவில்லை. வாக்கரை மேலே விட்டு வந்திருந்தேன். கடைசியில் படியில் உட்கார்ந்து, குழந்தை இறங்குவதைப்போல ஒவ்வொரு படியாகத் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். சாக்பீஸ் எண்களெல்லாம் என் லுங்கியில் ஒட்டின.

கீழ் வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "என்ன தம்பி, விழுந்துட்டீங்களா?"

"பாப்பாவைக் காணோம்க்கா."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையால் காட்டினார். படிக்கட்டுக்கு அடியில், சைக்கிள் நிறுத்தும் சந்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கைநிறைய வேப்பங்கொட்டை. எண்ணுவதற்குப் பொறுக்கப் போனவள், என் சத்தம் கேட்டதும் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

எனக்குத் தொண்டைவரை வார்த்தை வந்தது. விழுங்கினேன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "அப்பா பயந்துட்டேன்" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு முப்பத்து நான்கு வயது ஆகியிருந்தது.

அவள் சந்திலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே கேட்டாள்: "கத்துவியா?"

"கத்த மாட்டேன்."

கொட்டைகளை விடாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அக்கா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக யாரும் தூக்காமல் கீழே வந்திருக்கிறேன் என்பது அதைக் குடிக்கும்போதுதான் புரிந்தது. மறுபடி ஏற அரை மணி நேரம் ஆனது.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதற்குப் பிறகும் நான் கத்தினேன். முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். கால் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் இழுத்து நடக்கிறேன். நான் வேலைக்குத் திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறு ஆள் இருந்தார். வேலை வரும்வரை வீட்டிலேயே இருங்கள் என்றாள் மனைவி. மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள், "இன்னாப்பா, பொண்டாட்டி ஆபீஸு, நீ வூட்ல டீச்சரா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்த ஹால் இன்னும் சின்னதாகத் தெரியும்.

ஜூனில் அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தோம். முதல் நாள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் டீச்சர் மனைவிக்கு போன் செய்து, வகுப்பில் இன்று ஒரு பையன் அவள் காலை மிதித்தபோது "வலிக்குது" என்று பெரிதாகக் கத்தினாள் என்றார். குறை சொல்வதாக நினைத்து மனைவி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். "இல்லைங்க, அவ குரலை இன்னைக்குத்தான் கேக்கறோம்" என்றாராம் டீச்சர்.

அந்த போன் வந்த அன்று காலை பதினொரு மணிக்கு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, அடுத்து எந்த ஊரில் எந்த வேலைக்குக் கேட்கலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.