மஞ்சள் ஃபியூஸ்

மழைக்கும் டோஃபு வியாபாரத்துக்கும் ஆகவே ஆகாது. கொரியாவின் கங்வொன் மலையோரத்துக் கிழவிகள் தூறல் விழுந்தாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். சோயாப் பாலில் செய்த டோஃபு, விற்காவிட்டால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். தெரிந்தும் ஓக்புன் வண்டியை எடுத்தாள். வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவார்கள்?

முதலில் டோஃபுத் தட்டுகளை ஏற்றினாள், பிறகு புருஷனை ஏற்றினாள். இரண்டில் புருஷன்தான் கனம். மூன்று வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதம் மான்சோக்கின் வலப்பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைகிறாள். எவ்வளவு தூரம் போனாலும் மனுஷர் வண்டியில் கண் அசந்ததில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விழித்தே இருப்பார்.

கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான். "டோஃபு வந்திருக்கு, டோஃபு. காலையில செஞ்சது, இன்னும் சூடு ஆறல. சட்டியத் தூக்கிட்டு வாங்கம்மா." நன்றாக இருந்த காலத்தில் அடுக்களையில் உட்கார்ந்து பதிவு செய்தது. நடுவில் ஓக்புன் இருமுவதுகூடக் கேட்கும். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் ஆளில்லாத சாலையில்கூட அவள் அதை நிறுத்துவதில்லை. அவருக்கு மிச்சமிருக்கும் பேச்சு அது ஒன்றுதான், அதையும் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று கணவாய் ஏறும்போது வைப்பர் பாதியில் நின்றது. இறங்கிப் பார்த்தால் அடியில் ஈர இலைகள் அடைத்திருந்தன. நனைந்துகொண்டே வாரிப்போட்டாள். அப்படியும் அசையவில்லை. ஃபியூஸ் போய்விட்டிருந்தது.

"தோங்சிக் அப்பா, வேற ஃபியூஸ் எங்க வச்சீங்க?"

மகன் பேரைச் சொல்லிப் புருஷனைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது. டப்பாவைத் துழாவினாள். காலி.

"வாங்கணும்னு நெனச்சு நானும் மறந்துட்டேன். எல்லாத்தையும் நான் ஒருத்தியே நெனச்சுட்டிருக்கணும்."

வண்டியை அணைத்துவிட்டு முழங்காலருகே இருந்த ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். எது எதற்கு என்று எழுதியிருந்த தாள் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஒரு மஞ்சளைத் தொட்டபோது மான்சோக் இடது கையால் இருக்கையைத் தட்டினார். பிடுங்கிப் பார்த்தாள். உள்ளே கம்பி கருகியிருந்தது.

"இதே மஞ்சள் இன்னும் ரெண்டு இருக்கு. இத எடுக்கவா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப இதுவா? இது ஒலிபெருக்கிக்குப் போறதாச்சே."

தட்டினார்.

"புரிஞ்சுதா உங்களுக்கு? இத எடுத்தா உங்க குரல் வராது."

மறுபடி தட்டினார், இன்னும் பலமாக.

வேறு வழியில்லை, மாற்றிப் போட்டாள். வைப்பர் ஓடியது. மலை இறங்கும்வரை வண்டிக்குள் மழைச் சத்தம் மட்டும்தான். ஊருக்குள் வந்தபோது மழை விட்டிருந்தது. ஹாரன் அடித்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பின்னால் தட்டுத் தட்டாக டோஃபு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மழைதான் விட்டுவிட்டதே, ஒலிபெருக்கிக்கே திரும்பப் போடலாம் என்று ஃபியூஸைப் பிடுங்கினாள். ஆவி படிந்த கண்ணாடியைத் துடைப்பதற்காக அதை அவர் இடது உள்ளங்கையில் வைத்தாள். திரும்பிக் கேட்டபோது விரல்கள் மூடியிருந்தன.

"குடுங்க. விளையாடுற நேரமா இது?"

விரல்கள் இன்னும் இறுகின. பிறகு அந்த முஷ்டியாலேயே மேலே கூரையைக் காட்டினார். முஷ்டியைக் காதில் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

ஓக்புன் துடைத்த துணியை மடியில் போட்டாள்.

"நீங்க கேக்கணும்னுதானே நான் போட்டேன்," என்றாள். "மூணு வருஷமா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவள் இறங்கிப் போய்த் தெரு நடுவில் நின்றாள். கூவிப் பழக்கமில்லை. முதல் "டோஃபு" தொண்டையிலேயே சிக்கியது. இரண்டாவது கீச்சிட்டது. மூன்றாவதற்கு ஒரு ஜன்னல் திறந்து, வாடிக்கைக்காரியான சுன்நியோ தலையை நீட்டினாள்.

"டோஃபு வண்டியா? யாரோ கோழியப் பிடிக்கிறாங்கன்னு நெனச்சேன். அந்த ஆம்பளக் குரல் எங்கடி?"

"அலுத்துப் போச்சாம் அக்கா. சட்டிய எடுத்துட்டு வாங்க."

சுன்நியோவின் சத்தத்தில் இன்னும் இரண்டு கதவுகள் திறந்தன. டோஃபு வெட்டிக் கொடுத்துவிட்டு ஓக்புன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஃபியூஸைக் கையில் பிடித்தபடி, வாய் பிளந்து, மான்சோக் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூவலை நாலு வீடு தள்ளிப் போய்க் கூவினாள்.