ஞானபூரணம் எழுதித் தந்த அட்டவணை

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் ஞானபூரணத்துக்கு இருபத்திரண்டு வருட வேலை. பழைய மாணவர்களின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, மாணவர் பெயரையும் அப்பா பெயரையும் தமிழில் தட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றியதெல்லாம் அவள்தான். மொத்தம் பதினான்காயிரம். அந்த மென்பொருளைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அது ஓடுகிற ஒரே கம்ப்யூட்டரும் வாரத்துக்கு இரண்டு தடவை படுத்துக்கொண்டது.

தாளாளர் தேவசுந்தரம் கடையநல்லூரிலிருந்து ஜஸீமாவை வரவழைத்தார். ஞானபூரணத்தின் வயதுதான், பழைய கோப்புகளைப் புது மென்பொருளுக்கு மாற்றுவதில் கைதேர்ந்தவர். மாற்றியபோது சான்றிதழ்ப் படங்கள் பழுதில்லாமல் வந்தன. பெயர்களில்தான் கோளாறு. பாதி சரியாக இருந்தன. மீதி வாயில் நுழையாத எழுத்துக் குப்பை.

“பழசை விட்டுருவோமாம்மா? இந்த வருசத்துல இருந்து புதுசா ஏத்திக்கிடலாம்,” என்றார் தேவசுந்தரம்.

“ஒண்ணைக்கூட விட வேண்டாம் சார். மூணு நாள் தாங்க,” என்றாள் ஞானபூரணம்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கெட்டுப்போனவை எல்லாம் 2009க்குப் பிந்தியவை.

“அந்த வருசம் எழுத்துருவை மாத்தினோம் ஜஸீமா. பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். உள்ள பதியுற குறியீடு வேற.”

“முந்தினதுக்கு எழுத்து மாத்துற அட்டவணை இருக்கு. இதுக்கு எங்கயும் கிடைக்காதே மேடம்.”

“நான் எழுதித் தாரேன்.”

தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்த கை. ஒவ்வொரு விசையாக அழுத்தி, எதற்கு எந்த எழுத்து என்று நோட்டில் குறித்தாள். ஜஸீமா அதை நிரலில் சேர்த்து ஓடவிட்டார். எழுத்தெல்லாம் வந்தது, கொம்புகள் மட்டும் இடம் மாறி நின்றன.

“பழைய மென்பொருள்ல கொம்பை முதல்ல தட்டணும், புதுசுல எழுத்துக்குப் பொறவு. திருப்பிப் போடுங்க,” என்றாள். போட்டதும் பெயர்கள் வரிசையாக உயிர்பெற்றன.

மூன்றாம் நாள் மதியம் பதினேழு பெயர்கள்தான் மிச்சம். பின்னாளில் திருத்தியதால் இரண்டு எழுத்துருவும் அவற்றில் கலந்து கிடந்தன. படத்தைப் பார்த்துப் பார்த்து அவளே தட்டி முடித்தாள்.

மறுவாரம் வாசுதேவநல்லூரிலிருந்து இசக்கித்துரை என்ற பழைய மாணவர் சான்றிதழ் நகல் கேட்டு வந்தார்.

“நாளைக்கு வரட்டுமா மேடம்?”

“எதுக்கு? அங்கன உக்காருங்க தம்பி.”

அவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தாள் கைக்கு வந்துவிட்டது.

“மேல அச்சாகியிருக்க அப்பா பேரை ஒருக்கா பாத்துக்கோங்க.”

“எழுத்துப் பிசகில்ல மேடம்!”

அன்று சாயங்காலமே தாளாளர் அறைக்குப் போனாள். “சார், அடுத்து ஆசிரியர் ரெக்கார்டையும் மாத்திருவோம்.”

“ஜஸீமாவுக்குப் போன் போடவா?”

“அதுல ஒரே எழுத்துருதான் சார். ஜஸீமா செஞ்ச நிரலே போதும், நானே பாத்துக்கிடுதேன்.”