டிங்கரின் நெற்றியில் நீலக்கோடு

வெர்னா பாஸ்கோ ஆயுசு முழுக்க வீட்டைத் துடைத்தவள். புர்ரா ஊரில் அவள் சமையல் மேடையில் ஒரு ரொட்டித் துணுக்கைக் கண்டுபிடித்தால் பரிசே கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தார் கேலி பேசுவார்கள். அந்தத் துடைக்கிற கைதான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

கணவர் கிளெம் நாற்பது வருஷம் ஆட்டுப்பண்ணைகளில் உழைத்தவர். எழுபத்தாறு வயதில் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுப்புப் பக்கம் போகாதே என்றார்கள். ஒரு மனுஷனிடமிருந்து எவ்வளவைத்தான் பிடுங்குவது?

அந்த நேரத்தில்தான் பூனை டிங்கருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, இளைத்துத் துரும்பாய்ப் போனது. காலை ஏழு, மாலை ஏழு, சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். வெர்னாவுக்கு ஊசி என்றாலே பயம். கிளெம் அதை வாங்கி, பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி, குத்தி எடுத்தார். பூனை கிண்ணத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. லட்சம் ஆட்டுக்குப் போட்ட கை அல்லவா!

போட்டோமா இல்லையா என்பதுதான் சிக்கல். அதற்கும் கிளெமே வழி சொன்னார். பட்டியில் மருந்து கொடுத்த ஆட்டின் மூக்கில் நிறக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் அந்த ஆட்டுக்கு மறுபடி மருந்து கிடையாது. கொட்டகையில் பழைய நீலக்கட்டி ஒன்று கிடந்தது. ஊசி போட்டதும் டிங்கரின் நெற்றியில் அவர் ஒரு கோடு இழுப்பார். அடுத்த வேளைக்குச் சற்று முன்னால் வெர்னா அதை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். நெற்றி வெறுமையாக இருந்தால் ஊசி நேரம் என்று அர்த்தம். எட்டு மாதம் ஒரு வேளை பிசகவில்லை. டிங்கருக்குச் சதை பிடித்தது. கிளெமும் நிமிர்ந்து நடந்தார்.

அந்த வியாழக்கிழமை தேவாலயத்துப் பெண்கள் பத்து மணித் தேநீருக்கு வருவதாக இருந்தது. அடுப்பில் ஸ்கோன் என்ற சிறு ரொட்டிகள் வெந்துகொண்டிருந்தன. காலை ஊசி முடிந்த டிங்கர் நீல நெற்றியோடு சோபாவில் படுத்திருந்தது. பூனைக்குக்கூடப் பெயின்ட் அடிச்சாச்சா என்று போன தடவை அவர்களில் ஒருத்தி சிரித்தது வெர்னாவுக்கு நினைவு வந்தது. கையில் துணி இருந்தது. துடைத்துவிட்டாள். அவர்கள் போனதும் தானே ஒரு கோடு இழுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தாள்.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். டிங்கரின் நெற்றியில் கோடு இருந்தது. பளிச்சென்று, புதிதாக. மேசையில் காலி ஊசி. தட்டில் வைத்த மீன் வைத்தபடியே இருந்தது. எழுந்து நின்ற பூனையின் பின்னங்கால்கள் தள்ளாடின. இறங்கிய சர்க்கரை ஏறட்டும் என்று ஈறில் தேனைத் தடவினாள், கிளெமின் மடியில் அதைப் போட்டுவிட்டுக் கால்நடை மருத்துவர் இருக்கும் கிளேர் ஊருக்குக் காரை விரட்டினாள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கிளெம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவை போட்டுட்டேன் போல, கிழவி. இதுக்குக்கூட நான் லாயக்கில்லாம போயிட்டேன்."

வெர்னா காரை ஓரங்கட்டினாள். "நீ ஒரு தப்பும் பண்ணல, கிளெம். கோட்டை அழிச்சது நான்தான். அவளுங்க சிரிப்பாளுங்கன்னு அழிச்சேன்."

அவர் மடியிலிருந்த பூனையின் நெற்றியைத் தடவினார். பிறகு அவள் முழங்காலைத் தட்டினார். "சரி விடு. வேணும்னேவா பண்ணுன?"

வெர்னா வாய்விட்டு அழுதாள். பாரம் இறங்கியது என்றுதான் நினைத்தாள், பாவம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கிளெம் காலிக் கிண்ணத்தின் முன் நின்றிருந்தார். அவள் சொன்னதெல்லாம் மறந்துபோய்விட்டது. பூனை செத்ததும் அதற்கு ஊசி போட்டதும் மட்டும் நினைவில் நின்றுவிட்டது. "நான்தான கொன்னேன்?" என்று கேட்டார்.

அவள் மறுபடி சொன்னாள். அவர் முதல் தடவை கேட்பவர்போல முகம் வாடி, மறுபடி மன்னித்தார். அதற்கு மறுநாளும் அப்படியே.

கிண்ணத்தை ஒளித்து வைத்துப் பார்த்தாள், பயனில்லை. ஏழு மணி ஆனால் அவர் வந்து நின்றுவிடுகிறார். இப்போது அவர் கேட்கும்வரை வெர்னா காத்திருப்பதில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, "கோட்டை அழிச்சது நான்தான், கிளெம்" என்று அவளே ஆரம்பித்துவிடுகிறாள்.